நேவிகேஷன் வைத்து பெடிக்கிள் ஸ்க்ரூ போடுவது: ரெஃபரன்ஸ் ஃப்ரேம் முதல் கடைசி ஸ்கேன் வரை

அறுவையின்போது கருவி எலும்பில் எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் படத்தின் மேல் காட்டும் அமைப்புதான் நேவிகேஷன். அதன் திரையில் நாம் பார்ப்பது ஸ்கேன் எடுத்த நேரத்து எலும்பை. அதன்பின் எலும்போ, அதன் இடத்தைக் கேமராவுக்குக் காட்டப் பொருத்திய ரெஃபரன்ஸ் ஃப்ரேமோ தனியாக நகர்ந்தால் படத்துக்குத் தெரியாது. அது முன்போலவே பளிச்சென்று நிற்கும், கருவியைத் தவறான இடத்தில் காட்டியபடி. கீழே சொல்லும் கவனங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் ஆபத்துக்காகத்தான். தியேட்டருக்குப் புதிதாக வரும் முதுநிலை மாணவர்களையும் டெக்னீஷியன்களையும் மனதில் வைத்து, மார்பு, இடுப்பு முதுகெலும்புகளில் ஓ-ஆர்ம் (நோயாளியைச் சுற்றி நிற்கும் வளைய வடிவ ஊடுகதிர் கருவி) ஸ்கேனுடன் ஸ்க்ரூ போடும் முறையை எழுதுகிறோம்.

பெடிக்கிள் என்பது முள்ளெலும்பின் பின்பகுதியை முன்னுள்ள உடலோடு இணைக்கும் எலும்புப் பாலம். எல்5, அதாவது ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பில், அதன் அகலம் 15 மி.மீ. தாண்டும். மார்புப் பகுதியில் டி4 முதல் டி6 வரை அது 4 அல்லது 5 மி.மீ.தான் இருக்கும், உள்சுவரை ஒட்டித் தண்டுவடம். கூனும் பக்கவாட்டு வளைவும் உள்ள முதுகில் எலும்பே திருகிக் கிடப்பதால் கைப்பழக்கம் ஏமாற்றும். கோவை கங்கா மருத்துவமனையில் ராஜசேகரன் குழு செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக அளந்தது. வளைவைச் சரிசெய்யும் அறுவைக்கு வந்த 33 பேருக்கு மார்புப் பகுதியில் 478 ஸ்க்ரூக்கள். நேவிகேஷன் இல்லாத குழுவில் 23 சதவீதம் பெடிக்கிள் சுவரை உடைத்தன. நேவிகேஷன் குழுவில் 2 சதவீதம். ஒரு ஸ்க்ரூவுக்கு ஆன நேரமும் 4.61 நிமிடத்திலிருந்து 2.37 ஆகக் குறைந்தது.

கேமராவும் ஃப்ரேமும்

அகச்சிவப்புக் கேமரா, ஃப்ரேமிலும் கருவியின் கைப்பிடியிலும் உள்ள பளபளக்கும் உருண்டைகளைப் பார்த்து இடத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது மூன்று உருண்டைகள் தெரிய வேண்டும். இடையில் யாருடைய தோளோ விளக்கோ வந்தால் கருவி திரையில் மறையும். அதனால் இடுப்பு அறுவைக்கு ஃப்ரேமை இடுப்பெலும்பின் பின்மேடு மேல் பின் அடித்துப் பொருத்தி, உருண்டைகளைக் கால்பக்கம் திருப்பி, கேமராவைக் கால்மாட்டில் சுமார் 2 மீட்டர் தள்ளி நிறுத்துவது வசதி. மார்புப் பகுதிக்கு, முள்நீட்சியில் (முள்ளெலும்பின் பின்புறம் துருத்தி நிற்கும் எலும்பு) கவ்வி இறுக்க வேண்டும். எலும்பு மெலிந்த முதியவர்களுக்குக் கவ்வி தளரும். இறுக்கியபின் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள், ஃப்ரேமோடு எலும்பும் சேர்ந்து அசைய வேண்டும்.

உருண்டையில் ரத்தம் தெறித்தால் அதன் மையத்தைக் கேமரா தள்ளிக் கணக்கிடும். ஈரத்துணியால் துடையுங்கள், கறை போகாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

ஸ்கேன்

ஸ்கேனுக்குமுன் தசையை முழுமையாக விலக்கி, அதை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் போட்டுவிடுங்கள். பிறகு போட்டால் அந்த இழுவையிலேயே முள்ளெலும்பு இடம் மாறும். ஊடுகதிர் கடந்து செல்லும் கார்பன் மேஜை தேவை. ஓ-ஆர்ம் வளையத்தில் உள்ள குறிகளும் ஃப்ரேமும் ஸ்கேன் முழுவதும் ஒருசேரக் கேமராவுக்குத் தெரிய வேண்டும். சாதாரண ஸ்கேன் சுமார் 13 விநாடி. அந்நேரம் மூச்சை நிறுத்திவைக்க மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மார்புப் பகுதியில் மூச்சின் அசைவு படத்தை மங்கலாக்கும். மற்ற அனைவரும் ஈயத் தடுப்புக்குப் பின்னால். ஒரு ஸ்கேன் நீளவாக்கில் சுமார் 15 செ.மீ.தான் பிடிக்கும், அதாவது இடுப்பில் மூன்று, நான்கு முள்ளெலும்புகள்.

எது எல்4, எது எல்5 என்பதை நேவிகேஷன் சொல்லாது. திருவெலும்பிலிருந்து நீங்களே எண்ண வேண்டும், முந்தைய எம்ஆர்ஐயோடு ஒப்பிட்டு. திருவெலும்போடு பாதி ஒட்டிய கடைசி இடுப்பு முள்ளெலும்பு உள்ளவர்களிடம்தான் எண்ணிக்கை தவறுகிறது.

சரிபார்ப்பு

பலர் கருவி முனையை ஃப்ரேமில் உள்ள சிறு குழியில் வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று நகர்ந்துவிடுகிறார்கள். அது கருவி நேராக இருப்பதை மட்டும் காட்டும். ஃப்ரேம் எலும்பிலிருந்து 5 மி.மீ. சறுக்கியிருந்தாலும் அந்தச் சோதனையில் தேறிவிடும். எலும்பைத்தான் தொட வேண்டும். ஸ்க்ரூ போடப்போகும் அதே முள்ளெலும்பில் முள்நீட்சி நுனி, பக்கநீட்சி ஓரம், ஃபேசட் மூட்டு (அடுத்தடுத்த முள்ளெலும்புகளைப் பின்புறம் இணைக்கும் சிறு மூட்டு) ஆகிய மூன்றையும் பாயிண்டரால் தொட்டு, திரையில் முனை எலும்பின் மேற்பரப்பிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். காற்றில் மிதந்தாலோ எலும்புக்குள் புதைந்தாலோ, 2 மி.மீ. விலகலே போதும், நிறுத்திவிட்டு மீண்டும் ஸ்கேன் எடுங்கள். ஒவ்வொரு மட்டத்துக்கும் இதைச் செய்யுங்கள். யாராவது ஃப்ரேமில் இடித்தால் உடனே செய்யுங்கள். இடித்தவர் தயங்காமல் சொல்லும் சூழல் தியேட்டரில் இருக்க வேண்டும்.

ஸ்க்ரூ

ஃப்ரேமிலிருந்து தொலைவில் உள்ள மட்டத்தில் தொடங்குங்கள். தொலைவு கூடக்கூடத் துல்லியம் குறையும். அங்கே ஸ்கேன் புதிதாக இருக்கும்போதே வேலையை முடிப்பது நல்லது. நரம்பழுத்தம் நீக்குவது, ஃபேசட் வெட்டுவது எல்லாம் ஸ்க்ரூக்களுக்குப் பின். முதலில் வெட்டினால் முள்ளெலும்புகள் தளர்வதோடு, சரிபார்க்கத் தொட வேண்டிய எலும்பும் போய்விடும்.

இடுப்பில் நுழைவிடம், பக்கநீட்சியின் நடுக்கோடும் மேல் ஃபேசட்டின் வெளிஓரமும் சந்திக்கும் இடம். அதிவேக பர் (சுழலும் குடைகருவி) கொண்டு மேலோட்டைத் திறங்கள். சுத்தியலும் தோள்பலமும் வேண்டாம். அழுத்தும்போது முள்ளெலும்பு முன்னே அமுங்கித் திரும்பும், இடுப்பெலும்பில் உள்ள ஃப்ரேம் அசையாது, அவ்வளவும் திரையில் பிழையாகச் சேரும். நழுவும் முதுகெலும்பு உள்ளவர்களிடம் இது மிக அதிகம்.

அடுத்து புரோப், பெடிக்கிளுக்குள் பாதை போடும் கருவி. திரையில் அதன் முனைக்கு முன் 40 மி.மீ. நீட்டிய கோட்டை வைத்து, குறுக்குவெட்டிலும் பக்கவாட்டிலும் பெடிக்கிளின் நடுவில் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். உள்நோக்கிய சாய்வு எல்1இல் 5 டிகிரி அளவில் தொடங்கி, எல்5இல் 25 வரை போகும். எல்5இல் தடித்த தசை கைப்பிடியை உள்பக்கம் தள்ளும். அதை எதிர்த்து அழுத்தினால் மெல்லிய தண்டு வளையும். கேமரா பார்ப்பது கைப்பிடியை மட்டுமே, முனை நேராக இருப்பதாக எண்ணிக்கொண்டு கணக்கிடும். வெட்டை நீட்டுங்கள், அல்லது சற்றுத் தள்ளித் தனியாகச் சிறு துளை போட்டு அதன் வழியே செல்லுங்கள்.

புரோப்பை எடுத்ததும் உருண்டைமுனைக் கம்பியால் நான்கு சுவர்களையும் அடியையும் தடவிப் பாருங்கள். ஸ்க்ரூவைவிட 1 மி.மீ. சிறிய டேப் (மரை வெட்டும் கருவி), மறுபடி தடவல், பிறகு ஸ்க்ரூ. இடுப்பில் பொதுவாக 6.5 மி.மீ. தடிமன், 40 முதல் 50 மி.மீ. நீளம். கம்பி மென்மையாக உள்ளே போனாலோ, கைக்குத் தெரிவதும் திரையில் தெரிவதும் ஒத்துப்போகாவிட்டாலோ கையை நம்பி நிறுத்துங்கள். சி-ஆர்ம் ஊடுகதிர் படம் ஒன்று எடுத்துப் பார்த்தபின் தொடரலாம்.

கடைசி ஸ்கேன்

தையல் போடும் முன் எடுங்கள். மாற்ற வேண்டிய ஸ்க்ரூவை அப்போதே மாற்றலாம். கெர்ட்ஸ்பைன்-ராபின்ஸ் அளவீட்டில் ஏ என்றால் ஸ்க்ரூ முழுக்க எலும்புக்குள் இருக்கிறது. பி என்றால் 2 மி.மீ.க்குள், சி என்றால் 2 முதல் 4, டி என்றால் 4 முதல் 6, இ என்றால் அதற்கும் மேல் வெளியே வந்திருக்கிறது. ஏ, பி இரண்டையும் பொதுவாக விட்டுவிடலாம். உள்பக்கம் போன சி என்றால் மாற்றுவதே எங்கள் வழக்கம். உலோக நிழலால் ஸ்க்ரூ படத்தில் தடித்துத் தெரியும் என்பதால், விளிம்பில் ஐயம் வந்தால் அதன் வழியே மின்தூண்டல் கொடுத்துக் கால்தசையின் துலங்கலைப் பாருங்கள். இடுப்பில் 8 மில்லி ஆம்பியருக்குக் கீழேயே தசை துள்ளினால் ஸ்க்ரூவைக் கழற்றி, உள்சுவரை மீண்டும் தடவிப் பார்க்க வேண்டும்.