பழைய மலை வீட்டின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் பழைய ஓட்டு வீடு வாங்கியவர்களும், பாட்டன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இதை யார் கட்டினார்கள்? பத்திரம் எழுதுவதே என் தொழில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கையில் இருக்கும் பத்திரத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். விற்றவருக்குச் சொத்து எப்படிப் பாத்தியமானது என்று அதிலேயே ஒரு பத்தி இருக்கும். முந்தைய ஆவண எண்ணும் வருடமும் அங்கே கிடைக்கும். அந்த எண்ணுக்கு நகல் மனு போடுங்கள். இப்படியே தாய்ப்பத்திரம், அதாவது கிடைப்பதில் மிகப் பழைய மூலப் பத்திரம், வரை போகலாம். இணையத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975 முதல்தான் வரும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் தேடச் சொல்ல வேண்டும்.

நகல் வந்ததும் பலரும் பெயரையும் தொகையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நான் முதலில் படிப்பது நான்கு எல்லையை. என் பாட்டி வீட்டுப் பத்திரத்தில் மேற்கு எல்லை 'காப்பித் தோட்டத்து வண்டிப்பாதை'. அடுத்த பத்திரத்தில் அதே பாதை 'தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ரோடு' ஆகிவிட்டது. சுற்றியிருந்த மண் கைமாறியதும் பயிர் மாறியதும் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கிறது. எல்லையில் அண்டை நிலத்துக்காரர் பெயர் இருந்தால் அவர் பத்திரத்தையும் தேடுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கும்.

ஹட்டிக்குள் (படகர் ஊருக்குள்) நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இருக்கும் வீட்டுக்குப் பத்திரமே இல்லாமல் போகலாம். அப்போது நத்தம் பட்டாவையும் வீட்டு வரி ரசீதையும் பாருங்கள்.

எந்த மாவட்டம் என்பதிலும் கவனம் வேண்டும். நீலகிரி 1868 வரை கோயம்புத்தூரோடு இருந்தது. கூடலூர் 1877 வரை மலபார். கொடைக்கானல் காகிதங்களில் 1985 வரை மதுரை மாவட்டம் என்றே இருக்கும். வெள்ளைக்காரர் கட்டிய பங்களா என்றால் சர்ச் பதிவேடுகளும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் உதவும்.

கூரையில் ஓர் ஓட்டைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நடத்திய பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவச் சபையின் முத்திரை இருந்தால் அந்த ஓடு 1865-க்கு முந்தியதல்ல. சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம், புல் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்ட வீடுகள் இங்கே உண்டு.

இதற்கெல்லாம் முன்பே ஊர்ப் பாட்டிகளிடம் பேசிவிடுங்கள். "நீங்க மருமகளா வந்தப்போ அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு, ஆயி?" என்று கேளுங்கள். பின்னால் சேர்த்த அறை எது, சகோதரர்கள் பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவர் எது என்று கைகாட்டிச் சொல்வார்கள். பழைய பத்திரங்களில் அவர்கள் பெயர் அபூர்வம். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து, நகல்களோடு அதே ஃபைலில் வையுங்கள்.