நாடகத்துக்கு எஃபெக்ட் குடுக்கிறப்ப இதெல்லாம் பண்ணிறாதீங்க

மதுரை பக்கம் திருவிழா நாடகத்துல ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு பக்கத்துல ஆல்ரவுண்ட்னு ஒருத்தர் உக்காந்திருப்பார்ல, கட்டை, ஜால்ரா, டிரம்மு, இப்ப குச்சியால தட்டுனா சத்தம் வர்ற எலெக்ட்ரானிக் பேடும் சேந்துருச்சு, பபூன் காமெடியில பாதி சிரிப்பு அவரு கையிலதான் இருக்கு. புதுசா அந்த வேலைக்கு வர்ற தம்பிங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

பெரிய தப்பு, பேடயே பாத்துக்கிட்டு வாசிக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துல ஒத்திகை கெடையாது, ஆளாளுக்கு தனித்தனியா புக் ஆகி வந்து ராத்திரி மேடையிலதான் ஒண்ணு சேருவாங்க, அதனால பபூன் எப்ப விழுவாருன்னு எந்தப் பேப்பர்லயும் இருக்காது, அவரு உடம்புதான் சொல்லும். குதிகால் லேசா எந்திரிக்கும், தோள் ஒரு பக்கமா சாயும், அப்பவே உங்க குச்சி மேல போயிருக்கணும். முதுகு பலகையில பட்டபிறகு யோசிச்சு அடிச்சா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. அதே மாதிரி வசனத்தோட கடைசி வார்த்தை மேல அடிச்சிறாதீங்க, அந்த வார்த்தையிலதான் சிரிப்பே இருக்கும்.

அடுத்து இடி. மொபைல்ல இருக்க இடிய கூம்புக் குழாய்ல விட்டா தகர டப்பா உருளுற மாதிரிதான் கேக்கும், குழாய்ல பேஸ் சரியா வராது, பாக்ஸ் ஸ்பீக்கர்ல விடுங்க. பெரிய இரும்புத் தகட்ட தொங்கவிட்டு கீழ்முனையப் பிடிச்சு ஆட்டுற பழைய முறை இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு. மின்னல் லைட்டோட சேத்து இடிய விடாதீங்க, சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், தூரத்து மழைன்னா மூணு எண்ணிட்டு விட்டா ஒரு கிலோமீட்டர் தள்ளி இடிச்ச மாதிரி இருக்கும்.

செரட்டையத் தட்டி குதிரை ஓடுற சத்தம் குடுக்கிறவங்க ராஜா உள்ள வர்றதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிருங்க. மொபைல்ல எஃபெக்ட் விடுறவங்க ஏரோபிளேன் மோட் போட்ருங்க.

எக்கோவக் கொறைக்க மட்டும் மறக்கவே கூடாது. எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு மயான சீன், பிள்ளையப் பறிகுடுத்த தாய் அழுகுறாங்க, ராஜா பாடுறதுக்காக வச்ச எக்கோவ மைக் செட்டுல யாருமே கொறைக்கல, அது போதாதுன்னு பேட்ல சோக வயலின் வேற. ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவ வருது, முன்னாடி உக்காந்திருந்த அப்பத்தா "அந்தப் பிள்ள என்னப்பா சொல்லுது"ன்னு எங்கிட்ட கேட்டுச்சு. மனசே ஆறல எனக்கு. அந்தம்மா மைக்க விட்டு முன்னால வந்து வெறுங் குரல்ல அழ ஆரம்பிச்சாங்க பாருங்க, சுண்டல் விக்கிறவரு கூட நின்னுட்டாரு. ஆல்ரவுண்ட் அண்ணே பேட ஆஃப் பண்ணிட்டு குச்சி ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டாரு.