சேற்றில் படிந்த சுரங்கம்: கழிமுகத்தில் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு

ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேறு எடுப்பது இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. மேட்டில் எப்போதோ மூடிய செம்புச் சுரங்கமோ ஈயச் சுரங்கமோ இருந்தால், அதன் கழிவில் பெரும்பகுதி கடைசியாக வந்து தங்குவது கழிமுகத்துச் சேற்றில்தான். பலரும் முதலில் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதிக்கிறார்கள். கடலின் ஓதம் ஒருமுறை ஏறி இறங்கினால் அந்தத் தண்ணீர் அங்கே இருக்காது. சேறு இருக்கும். ஆனால் சேற்றைச் சரியாக அள்ளத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் நேரும் பிழையைக் கண்டுபிடித்துத் திரும்பச் சோதிக்கலாம். தவறான இடத்தில், தவறான கருவியால் அள்ளிவந்த சேற்றை எந்த இயந்திரமும் சரிசெய்யாது. ஆகவே இதில் பாதிக்கு மேல் கரையில் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் உலோகம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால்தான் எங்கே தோண்டுவது என்பது தெரியும். சுரங்கப் பாறையில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு இருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறும். அந்த அமிலம் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்சனிக் எல்லாவற்றையும் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். ஸ்பெயினில் ரியோ டின்டோ ஆறு பிஎச் 2-ஐ ஒட்டிய அமிலத்தோடு செந்நிறமாக ஓடி வெல்வா கழிமுகத்தில் சேர்வது இதனால்தான். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. நீர் இறைப்பது நின்றதும் உள்ளே நீர் ஏறியது. 1992 ஜனவரியில் சுமார் 5 கோடி லிட்டர் அமில நீர் உடைத்துக்கொண்டு வெளியேறி ஃபால் கழிமுகம் வரை ஆரஞ்சு நிறமாகப் பரவியது.

அமில நீர் கடல்நீரோடு கலக்கும்போது பிஎச் ஏறும், அதாவது அமிலத்தன்மை தணியும். இரும்புதான் முதலில் காவி நிறச் சகதியாகப் படியும். படியும்போதே ஆர்சனிக்கையும் ஈயத்தையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். செம்பு இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியும். துத்தநாகமும் காட்மியமும் கரைந்த நிலையிலேயே வெகுதூரம் போகும். காட்மியமோ கடல்நீரின் குளோரைடோடு கூடி, ஏற்கெனவே துகளில் ஒட்டியிருந்தாலும் பிரிந்து நீருக்குள் போய்விடும். எனவே ஈயம் அதிகமாக உள்ள இடமும் காட்மியம் அதிகமாக உள்ள இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணி ஒரே இடத்தில் மட்டும் அள்ளாதீர்கள்.

இடம் பார்ப்பது

வரைபடத்தை விரித்து, நீரோட்டம் எங்கே ஓய்கிறது என்று தேடுங்கள். உலோகம் மணலில் தங்காது, மென்மையான களிமண் துகளில்தான் ஒட்டும். ஓட்டம் வேகமாக உள்ள நடு வாய்க்காலில் மணல்தான் கிடைக்கும். வளைவின் உட்பக்கம், உவர்ச் சதுப்பின் ஓரம், கிளைக் கால்வாய்களின் தலைப்பு ஆகிய இடங்களில் மென்சேறு வருடக்கணக்கில் நிம்மதியாகப் படிந்திருக்கும். ஆறு நன்னீராக இருக்கும் இடம், நடுப்பகுதி, முகத்துவாரம் என்று மூன்று மண்டலத்திலும் எடுங்கள். கூடவே, அதே வகைப் பாறையில் ஓடிவரும், ஆனால் சுரங்கம் இல்லாத பக்கத்து ஆறு ஒன்றின் கழிமுகத்திலும் எடுங்கள். இந்தக் கடைசி மாதிரியைத்தான் எல்லோரும் செலவு என்று வெட்டுகிறார்கள். தாதுப் பாறை உள்ள நிலத்தில் மனிதன் கைவைப்பதற்கு முன்பே மண்ணில் உலோகம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். அந்த ஒப்பீட்டு மாதிரி இல்லையென்றால், "இது இயற்கையாகவே இருப்பது" என்று யாராவது சொல்லும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.

ஓத அட்டவணை பார்க்காமல் சேற்றில் கால் வைக்காதீர்கள். நீர் வடிய வடியப் பின்னாலேயே இறங்குங்கள், தாழ் ஓதத்துக்கு முன்பே வேலையை முடித்துத் திரும்பத் தொடங்குங்கள். தனியாகப் போகவே கூடாது. இடுப்புவரை புதைந்தால் காலை உருவ முயலாமல் பின்பக்கம் சாய்ந்து உட்காருங்கள். எடை பரவினால் சேறு மெல்ல விடும். அகலப் பலகை ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

கருவியில் நான் செய்த பிழை

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் பதினாறு மாதிரிகள் எடுத்தேன். எல்லாவற்றையும், மணலை நிறுத்தி மென்சேற்றை மட்டும் விடும் 63 மைக்ரான் சல்லடையில் அலசிச் சலித்தேன். முடிவு வந்தபோது செம்பும் துத்தநாகமும் எல்லா இடத்திலும் ஏறியிருந்தன, சுரங்கமே இல்லாத ஒப்பீட்டு ஆற்றிலும்கூட. மூன்று வாரம் குழம்பினோம். காரணம் சல்லடை. அது பித்தளை. பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. ஈரச் சேற்றை அதில் தேய்த்துத் தேய்த்து உலோகத்தை நானே மாதிரியில் கலந்திருக்கிறேன். பதினாறையும் தூக்கி எறிந்தோம். அந்தப் பருவமே வீணாயிற்று. உடன் வந்தவர்கள் உறைபனியில் நின்று எடுத்த சேறு அது. இன்றுவரை எனக்கு அது வருத்தம்தான்.

ஆகவே சல்லடை நைலானாக இருக்கட்டும். கரண்டி, தட்டு, பெட்டி எல்லாம் பிளாஸ்டிக். புட்டிகளை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, சுத்திகரித்த நீரில் கழுவிக் காயவைத்துப் பையில் கட்டிக் கொண்டுபோங்கள். துத்தநாகக் களிம்பு பூசிய கையோடும், மோதிரம், உலோகக் கடிகாரம் அணிந்த கையோடும் சேற்றைத் தொடாதீர்கள். பவுடர் தடவாத கையுறை போடுங்கள். பலவகைப் பவுடரில் துத்தநாகம் உண்டு.

குழாயை இறக்குவது

மேலே ஒரு கை சேறு அள்ளினால் அண்மைக் காலம் மட்டும் கிடைக்கும். சுரங்கம் ஓடிய காலமும் அதற்கு முந்தைய காலமும் வேண்டுமென்றால் குழாய் மாதிரிதான் ஒரே வழி. 7 முதல் 10 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் குழாய் எடுங்கள். கீழ்விளிம்பை வெளிப்பக்கமாகச் சீவிக் கூர்மையாக்குங்கள். நேராக வைத்து, ஒரே சீரான அழுத்தத்தில் இறக்குங்கள். ஆட்டாதீர்கள், சுற்றாதீர்கள், சுத்தியால் அடிக்காதீர்கள். இறக்கி முடித்ததும் குழாய்க்கு உள்ளே சேற்றின் மட்டத்தையும் வெளியே சேற்றின் மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். உள்ளே தாழ்ந்திருந்தால் சேறு அமுங்கியிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு எண்ணும் இல்லாவிட்டால் பின்னால் ஆழத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகமாகிவிடும். பிறகு மேல்வாயை ரப்பர் அடைப்பானால் இறுக மூடி, மெல்ல இழுத்து, அடிவாய் வெளியே வருமுன் கையை விட்டு அதையும் அடையுங்கள்.

இழுத்தவுடன் படம் எடுங்கள், நிறத்தை எழுதுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு இருக்கும். அது ஆக்ஸிஜன் எட்டிய அடுக்கு. அதற்குக் கீழே சாம்பல், பிறகு கறுப்பு. கறுப்பு என்றால் இரும்பு சல்பைடு. முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். இந்தக் கறுப்புச் சேறு காற்றுப்பட்டால் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். நிறம் மட்டும் மாறினால் பரவாயில்லை, உள்ளே உலோகத்தின் பிணைப்பே மாறிவிடும். சல்பைடோடு பிணைந்திருந்த காட்மியம், செம்பு, துத்தநாகம் எல்லாம் அவிழத் தொடங்கும். உயிரினங்களுக்கு எட்டும் பங்கை அளக்க நினைத்தால் வெட்டுவதையே நைட்ரஜன் நிரப்பிய பைக்குள் செய்ய வேண்டும், அல்லது உடனே உறையவைக்க வேண்டும்.

மேல் 10 செ.மீ.-ஐ ஒவ்வொரு செ.மீ.யாகவும், அதற்குக் கீழே இரண்டு செ.மீ.யாகவும் வெட்டுங்கள். குழாய்ச் சுவரை உரசிய வெளிவட்டத்தைச் சுரண்டி எறிந்துவிடுங்கள். மேல்சேறு அங்கே கீழ்வரை இழுபட்டிருக்கும். புழுவளைகள் கண்ணில் பட்டால் அதையும் குறியுங்கள். புழுவும் நண்டும் மேல் அடுக்குகளைக் கிளறிக் கலக்குகின்றன. எனவே ஒரு செ.மீ. தூரத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வை வருடக் கணக்காக வாசிக்கத் துணியாதீர்கள்.

காயவைப்பது உறைநிலை உலர்த்தியில் என்றால் நல்லது. அடுப்பில் என்றால் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். வெப்பம் ஏறினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

"கன உலோகம் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால், எப்படிக் கரைத்தார்கள் என்றே தெரியாத எண்கள் வரும். அக்வா ரெஜியா எனப்படும் அமிலக் கலவையில் கரைத்தால் சிலிக்கேட் துகளுக்குள் இருப்பது முழுதாக வெளிவராது. குரோமியமும் அலுமினியமும் குறைவாகக் காட்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்துக் கரைத்தால்தான் மொத்த அளவு. இரண்டு முறையில் வந்த எண்களை ஒரே அட்டவணையில் வைக்காதீர்கள். வெற்று மாதிரி (சேறு இல்லாமல் அமிலம் மட்டும்), இரட்டை மாதிரி (ஒரே சேறு இரண்டு முறை), சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுச் சேறு (உலோக அளவு முன்பே தெரிந்தது) மூன்றையும் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். அவற்றின் முடிவையும் கேட்டு வாங்குங்கள். மறக்காமல் அலுமினியம் கேளுங்கள், மொத்தமாக.

அலுமினியம் ஏன்? கணக்குக்காக இரண்டு இடங்களை வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு சேற்றுத் திட்டில் துத்தநாகம் கிலோவுக்கு 420 மி.கி., அலுமினியம் 8 சதவீதம். முகத்துவார மணலில் துத்தநாகம் 190, அலுமினியம் 2 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் முகத்துவாரம் சுத்தம். ஆனால் அலுமினியம் களிமண்ணின் அளவைக் காட்டுவது. வகுத்துப் பாருங்கள்: உள்ளே 52.5, வெளியே 95. களிமண் இறுகி உண்டான ஷேல் பாறையில் சராசரியாகத் துத்தநாகம் 95, அலுமினியம் 8 சதவீதம், ஆக விகிதம் சுமார் 11.9. உள்ளே சுமார் நான்கரை மடங்கு செறிவு, வெளியே எட்டு மடங்கு. அதிகம் மாசுபட்டது அந்த மணல்தான், மணல் மிகுதியில் அது மறைந்து கிடக்கிறது. ஷேல் சராசரியை முதல் பார்வைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் குழாயின் அடியில், சுரங்கத்துக்கு முந்தைய அடுக்கு கிடைத்துவிட்டால் அதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். அதைவிட நல்ல ஒப்பீடு கிடையாது.

அந்த அடுக்கின் வயதை அறிய ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் உதவும். அதன் அரை ஆயுள் சுமார் 22 வருடம், எனவே கடந்த நூறு, நூற்றைம்பது வருடத்துக்குப் போதும். அணுகுண்டுச் சோதனைகளால் வந்த சீசியம்-137-இன் உச்சம் 1963-ஐக் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

எண் வந்த பிறகு

1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட இரட்டை வரம்பு உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. கீழ்வரம்புக்குக் கீழே உயிர்களுக்குப் பாதிப்பு அரிது. மேல்வரம்புக்கு மேலே அடிக்கடி. கிலோ உலர் சேற்றுக்கு மி.கி. கணக்கில், முதலில் கீழ்வரம்பு, அடுத்து மேல்வரம்பு: துத்தநாகம் 150, 410; ஈயம் 46.7, 218; செம்பு 34, 270; காட்மியம் 1.2, 9.6; பாதரசம் 0.15, 0.71. இவை சட்டமல்ல, எங்கே மேலும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி. கார்ன்வாலின் ரெஸ்ட்ராங்குவெட் ஓடையில் செம்பு 2,000 மி.கி.-ஐத் தாண்டி அளக்கப்பட்டிருக்கிறது. அங்கேயும் சேற்றுப் புழுக்கள் வாழ்கின்றன, செம்பைத் தாங்கும் இனமாகப் பல தலைமுறைகளில் மாறி. புழு இருக்கிறதே, அதனால் சேறு நல்லது என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள். அந்தப் புழுவைத் தின்னும் மீனும் பறவையும் அப்படி மாறியிருக்க வேண்டும் என்பதில்லை.

மொத்த அளவோடு நிறுத்தாமல், படிப்படியாகக் கரைக்கும் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். முதல் படியில், மென்மையான அசிட்டிக் அமிலத்தில் வெளிவருவதுதான் எளிதில் கழலும் பங்கு. கறுப்பு அடுக்கில் இந்தப் பங்கு குறைவாக இருந்தால் உலோகம் சல்பைடில் பூட்டிக் கிடக்கிறது. அந்த இடத்தில் தூர்வாரத் திட்டம் போடுகிறார்கள் என்றால், தூர்வாரும் இயந்திரத்தை இறக்குவதற்கு முன்பே உங்கள் அறிக்கை அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நூறு வருடம் பூட்டிக் கிடந்ததைக் காற்றில் கொட்டினால் சில நாளில் கழலும்.

ஒவ்வொரு துண்டிலும் பாதியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மறுபாதியைத் தேதி, இடம், ஆழம் எழுதி உறைநிலையில் வையுங்கள். பேனா மை அழியும், பென்சிலால் எழுதிய தாளைப் பைக்குள்ளும் போடுங்கள். செம்புக்காக நாங்கள் எடுத்த குழாய்களை ஒன்பது வருடம் கழித்து ஒரு மாணவி பாதரசத்துக்காகக் கேட்டு வந்தார். அதற்குள் அந்தச் சதுப்பின் மேல் துறைமுகச் சுவர் எழும்பியிருந்தது. உறைபெட்டியில் இருந்த பாதியைத்தான் எடுத்துக் கொடுத்தோம்.