சேலத்திலிருந்து மத்தியதரைக் கடல் தாவரங்களுக்கு: வகைப்பாட்டியல் பழகும் வழி

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் தாவரங்களை வகைப்படுத்தும் ஆய்வாளராக விரும்பும் சேலத்து மாணவருக்கு முதல் பாடம் ஹெர்பேரியம் ஷீட், அதாவது உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டிக் குறிப்போடு வைக்கும் மாதிரி, தயாரிப்பதுதான். ஸ்பெயினானாலும் கிரீஸானாலும், ஒரு செடிக்குப் பெயர் வைப்பதும் அதை மாற்றுவதும் உலர்த்தி ஒட்டிய அந்த மாதிரியை ஆதாரமாக வைத்தே நடக்கிறது. இதைப் பழக சேர்வராயன் மலையைப் போல வசதியான இடம் அரிது. சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் முட்புதர், இலையுதிர் காடு, சோலை என்று செடிகள் மாறிக்கொண்டே வரும்.

காப்புக்காட்டில் ஒரு இலையைப் பறிக்கவும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்தோடு மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். அது கிடைக்கும்வரை சாலையோரச் செடிகளிலும், உரிமையாளர் சம்மதித்தால் காபித் தோட்டத்துக் களைகளிலும் பழகலாம். அரிய ஆர்க்கிட்களைத் தொடவே வேண்டாம், படம் எடுத்தால் போதும்.

சிறு செடி என்றால் வேரோடு எடுங்கள். மரம் என்றால் பூவும் காயும் உள்ள, ஷீட்டில் அடங்கும் கிளை. ஒரே செடியிலிருந்து 3 மாதிரிகள், மூன்றுக்கும் ஒரே எண். வயல் குறிப்பேட்டை அங்கேயே எழுதிவிட வேண்டும்: எண், தேதி, இடம், ஜி.பி.எஸ். அளவு, உயரம், செடியின் வளரியல்பு, பூவின் நிறம், மணம், பால் வடிகிறதா என்பது. உலர்ந்தபின் நிறமும் மணமும் போய்விடும். மர உயரத்தை ஷீட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குறிப்பு இல்லாத அழகான மாதிரியைவிடக் குறிப்புள்ள கசங்கிய மாதிரிக்கு மதிப்பு அதிகம்.

செடியை அழுத்தி உலர்த்தும் பிரஸ்ஸுக்கு 45 × 30 செ.மீ. அளவில் இரண்டு பிளைவுட் பலகைகள், இறுக்க பெல்ட், நிறைய பழைய செய்தித்தாள், இடையிடையே அட்டை. இலைகளில் ஒன்றையாவது திருப்பி வையுங்கள். அடிப்புறத்து ரோமங்கள் தெரிய வேண்டும். முதல் 4 நாட்கள் தினமும் தாள் மாற்றுங்கள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். சுமார் 10 நாளில் காய்ந்துவிடும். தொட்டால் குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் பலர் தோற்பது இங்கேதான். பனிமூட்டத்தில் செய்தித்தாளே காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மூன்றாம் நாளே இலை கறுத்துப் பூசணம் பிடிக்கும். பிரஸ்ஸை அன்றே சேலத்துக்கு இறக்கி, மின்விசிறிக் காற்றில் அட்டைகளின் ஓரம் படும்படி நிறுத்தி வையுங்கள். சதைப்பற்றான செடிகள் பிரஸ்ஸுக்குள்ளும் உயிரோடிருந்து இலை உதிர்க்கும். பூவைத் தவிர மற்ற பகுதியைச் சில விநாடிகள் கொதிநீரில் முக்கி எடுத்தால் அது நிற்கும்.

ஒட்டும் ஷீட் 42 × 28 செ.மீ. கெட்டித்தாள். இலைகளுக்குப் பசை, தடித்த தண்டுக்கு நூல் தையல். செலோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகி உரிந்துவிடும். லேபிள் வலது கீழ் மூலையில். உதிர்ந்த விதைகளுக்கு ஒரு சிறு காகித உறை ஒட்டுங்கள். பூச்சிக்குப் பழைய முறையான மெர்குரிக் குளோரைடு கொடிய நஞ்சு, அதைத் தொடாதீர்கள். பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் போதும்.

அடையாளம் காண்பதை மத்தியதரைக் கடல் குடும்பங்களிலேயே தொடங்கலாம். அதற்கு விமான டிக்கெட் தேவையில்லை. லாவெண்டர், ரோஸ்மேரி, தைம் மூன்றும் நம் தும்பையும் துளசியும் சேர்ந்த குடும்பம்தான்: சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, ஈருதட்டுப் பூ, நான்காகப் பிரியும் கனி. தும்பைப் பூ ஒன்றை 10 மடங்கு லென்ஸின்கீழ் ஊசியால் பிரித்துப் படம் வரையுங்கள். கொத்தமல்லி, சோம்பு, வெந்தயம் ஆகியவையும் மத்தியதரைக் கடல் பக்கம் நிறையக் காணப்படும் குடும்பங்களின் பயிர்கள். ஐப்பசியில் தொட்டியில் விதையுங்கள். கொத்தமல்லிக் குடும்பத்தில் பூவை மட்டும் பறித்தால் அடையாளத் திறவுகோல் (பண்புகளைப் படிப்படியாகக் கேட்டுப் பெயருக்கு அழைத்துச் செல்லும் பட்டியல்) பாதியில் நின்றுவிடும், ஏனெனில் பேரினங்களை (நெருங்கிய இனங்களின் தொகுதிகளை) பிரிப்பது பெரும்பாலும் முற்றிய கனியின் விலா வரிகளும் எண்ணெய்க் குழல்களும். கொத்தமல்லியில் கனி உருண்டை; சோம்பில் நீண்டு, ஒவ்வொரு பாதியிலும் ஐந்து வரிகள் எழுந்து நிற்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்து கோடை வறண்டுபோவதால், ஒருபருவச் செடிகள் பெரும்பாலும் வசந்தத்தில் பூத்து கோடையில் காய்ந்துவிடும். பூவும் காயும் சேர்ந்து கிடைக்கும் வாரங்கள் குறைவு. களப்பயணத்தை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

பெயர் உறுதிசெய்ய தாவரவியலாளர் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும், கே. எம். மேத்யூவின் தமிழகக் கர்நாடிக் பகுதித் (கர்நாடக மாநிலம் அல்ல) தாவர நூலும் வேண்டும். பிறகு மாதிரியை ஒப்பிட கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்துக்கோ (ஷீட்களைச் சேமிக்கும் காப்பகம்), திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்துக்கோ முன் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். கேம்பிள் வெர்னோனியா என்ற பேரினத்தில் வைத்த சேர்வராயன் மலை மரம் இன்று மோனோசிஸ் சேர்வராயென்சிஸ். பழைய நூலில் கிடைக்கும் பெயரை இப்படிப் புதிய தரவுத்தளத்தில் சரிபார்க்காமல் லேபிளில் எழுதாதீர்கள்.

படிப்புப் பாதை நேரானது: பி.எஸ்சி., எம்.எஸ்சி. தாவரவியல், பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை, முனைவர் பட்டம். மத்தியதரைக் கடல் தாவரங்களுக்கென 1974 முதல் ஆப்டிமா என்ற ஆய்வாளர் அமைப்பு இயங்குகிறது. வழிகாட்டி தேட அது நல்ல வாசல். அவர்களுக்குக் கடிதம் எழுதும்போது சான்றிதழ் பட்டியலோடு, நீங்கள் தயாரித்த ஷீட்களின் தெளிவான படங்களையும் ஒரு பேரினத்துக்கு நீங்களே எழுதிய திறவுகோலையும் இணையுங்கள். மாதிரியையே வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால், 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் என்ன அனுமதி தேவை என்று சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முதலில் எழுதிக் கேளுங்கள்.