பேனலைத் திறந்து பார்க்காமல் மடிக்கணினி வாங்காதீர்கள்: பி.எல்.சி. மென்பொருள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியை அடுத்த புதுவயலில் அரிசி ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. நெல் அவிப்பதும் உலர்த்துவதும் ஒரு காலத்தில் அனுபவம் மிக்க ஆட்களின் கைக்கணக்கில் நடந்தன. இன்று பல ஆலைகளில் உலர்த்தியின் வெப்பநிலை, நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும் ஒழுங்கு, மூட்டையின் எடை ஆகிய அனைத்தையும் பேனல் என்னும் மின்கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் பி.எல்.சி. என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கருவி பார்த்துக்கொள்கிறது. அந்தக் கருவிக்குள் இருக்கும் புரோகிராமைப் படிக்கவும் திருத்தவும் அதன் நிறுவனம் தரும் மென்பொருள் வேண்டும். அதை ஓட்ட ஒரு மடிக்கணினி வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டையும் வாங்கும் இடத்தில்தான்.

நான் பராமரிப்புக்குச் செல்லும் ஆலை ஒன்றின் உரிமையாளர் அறுவடைக் காலத்தில் தொலைபேசியில் அழைத்து, "லேப்டாப் வாங்கியாச்சு தம்பி, நீங்க வந்து சாஃப்ட்வேரை ஏத்திக் குடுத்தாப் போதும்" என்றார். சென்று பார்த்தபோது மேசைமேல் மெலிதான, அழகான ஒரு மடிக்கணினி இருந்தது. அதில் நெட்வொர்க் கேபிள் செருகும் இடமே இல்லை. உள்ளே விண்டோஸ் ஹோம் பதிப்பு. ஆலையின் பேனல்களிலோ மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் கன்ட்ரோலர்கள், அதாவது பி.எல்.சி.கள், இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அந்த மடிக்கணினியில் நேராக இணைக்க முடியவில்லை. அவர் செலவுக்கு அஞ்சியவர் அல்லர். கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிட்டார், அவ்வளவுதான்.

முதலில் பேனல், அதற்கேற்ற மென்பொருள், அந்த மென்பொருளின் எந்த வெர்ஷன், இணைக்கும் கேபிள், எல்லாவற்றுக்கும் பிறகே மடிக்கணினி என்பதுதான் வரிசை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழாவதால் வருபவை.

சிட்டை எழுதாமல் கடைக்குப் போவது

செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை ஒரு கரண்டி விடாமல் எழுதி வைப்பார்கள். அந்தப் பழக்கம் ஆலைக்குள் நுழைந்ததும் எப்படி மறந்துபோகிறதோ தெரியவில்லை. "எங்களிடம் சீமென்ஸ் இருக்கிறது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு கொட்டேஷன் கேட்பவர்கள் அதிகம். அந்த ஒரு பெயருக்குள் எஸ்7-200, எஸ்7-200 ஸ்மார்ட், எஸ்7-300, எஸ்7-1200, எஸ்7-1500 என்று பல குடும்பங்கள் உண்டு. எஸ்7-200க்கு மைக்ரோவின் என்ற பழைய மென்பொருள். எஸ்7-200 ஸ்மார்ட்டுக்கு அதே பெயரில் தொடங்கும் வேறொரு மென்பொருள். இவை இரண்டிலும் எழுதிய புரோகிராம்கள் சீமென்ஸின் இன்றைய மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டலில் திறக்கமாட்டா. ஆகவே ஒவ்வொரு பேனலையும் திறந்து, பி.எல்.சி.யின் முதன்மைப் பகுதியான சி.பி.யு.வின் மேல் அச்சிட்டுள்ள ஆர்டர் எண்ணை ஓர் எழுத்தும் விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) வெர்ஷன், தொடர்புக்கான போர்ட் எது, கதவில் உள்ள தொடுதிரையின் மாடல், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களின் மாடல் ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது, ஏனெனில் உமித்தூசி படிந்த லேபிளில் பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும் ஒன்றுபோலவே தெரியும்.

இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கொடுப்பது, பணம் கொடுக்க வேண்டியதில் தவறான பதிப்பை எடுப்பது

எல்லா மென்பொருளும் விலைக்கு விற்பவை அல்ல. டெல்டாவின் டி.வி.பி. வகைக் கன்ட்ரோலர்களுக்கான டபிள்யூ.பி.எல்.சாஃப்ட், ஐ.எஸ்.பி.சாஃப்ட் ஆகியவற்றை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஷ்னைடரின் எம்221 கன்ட்ரோலருக்கான மெஷின் எக்ஸ்பர்ட் பேசிக்கும் அப்படித்தான். ராக்வெல்லின் மைக்ரோ800 குடும்பத்துக்கான கனெக்டட் காம்போனென்ட்ஸ் வொர்க்பெஞ்சில் இலவசப் பதிப்பு ஒன்று உண்டு. இவற்றை ஒரு டிஸ்க்கில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றிக் கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்டால் கொடுக்கலாம், லைசென்ஸுக்கு என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

விலைக்கு வாங்குபவற்றில்தான் நிதானம் அதிகம் வேண்டும். டி.ஐ.ஏ. போர்ட்டலில் ஸ்டெப் 7 பேசிக் என்ற பதிப்பு எஸ்7-1200 வகையோடு நின்றுவிடும். எஸ்7-1500, 300, 400 ஆகியவற்றுக்குப் புரொஃபெஷனல் பதிப்பு வேண்டும், அதன் விலையும் பல மடங்கு. ஆலை முழுவதும் 1200 மட்டுமே இருக்கப் புரொஃபெஷனலை வாங்கி வைப்பது வீண் செலவு. மாறாக, அடுத்த ஆண்டு 1500 வைத்த பாய்லர் பேனல் வரப்போகிறது என்று தெரிந்தும் இன்று பேசிக்கை வாங்கினால் மறுபடியும் பணம் கட்ட நேரும். பழைய எஸ்7-300 பேனல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றின் மூலப் புரோகிராம் பெரும்பாலும் ஸ்டெப் 7 ஐந்தாம் வெர்ஷன் என்ற பழைய மென்பொருளில் எழுதப்பட்டிருக்கும். அதை டி.ஐ.ஏ. போர்ட்டலுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தாலும், எல்லா மாட்யூல்களும் மாற்றத்துக்கு ஒத்துவருவதில்லை. நின்றுபோன இயந்திரத்தை இரவோடு இரவாக ஓட வைக்க வேண்டிய நேரத்தில் அந்த மாற்றத்தைத் தொடங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. மிட்சுபிஷியிலும் இதே பிரிவினை உண்டு: எஃப்.எக்ஸ்.3, கியூ, எல் வகைகளுக்கு ஜி.எக்ஸ். வொர்க்ஸ் 2, எஃப்.எக்ஸ்.5, ஐ.கியூ.-ஆர் வகைகளுக்கு ஜி.எக்ஸ். வொர்க்ஸ் 3.

கதவில் உள்ள தொடுதிரையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. ஸ்டெப் 7 பேசிக்கோடு வரும் வின்சி.சி. பேசிக் என்ற திரை வடிவமைப்பு மென்பொருள், பேசிக் பேனல் எனப்படும் சீமென்ஸ் தொடுதிரைகளுக்குப் போதும். அதே நிறுவனத்தின் கம்ஃபர்ட் பேனல் வகைத் தொடுதிரை கதவில் இருந்தால் வின்சி.சி. கம்ஃபர்ட் என்ற தனி லைசென்ஸ் வேண்டும். கன்ட்ரோலரைத் திருத்த முடிந்து, திரையில் ஒரு பொத்தானைச் சேர்க்க முடியாமல் நிற்பது மிகவும் எரிச்சலூட்டும் நிலை.

வெர்ஷன் எதுவானாலும் சரி என்று நினைப்பது

டி.ஐ.ஏ. போர்ட்டலின் 16ஆம் வெர்ஷனில் எழுதிய புராஜெக்டை 18இல் திறந்தால், மென்பொருள் அதைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றிவிடும். மாறியதை மீண்டும் 16இல் திறக்க முடியாது. பேனல் செய்து கொடுத்தவர் 16ஐயும் நீங்கள் 18ஐயும் வைத்திருந்தால், நீங்கள் திருத்திய புராஜெக்டை அவரால் பார்க்கவே இயலாது. ராக்வெல்லின் ஸ்டூடியோ 5000இல் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் 30ஆம் ரிவிஷனில் இருந்தால் மென்பொருளிலும் 30ஆம் ரிவிஷன் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இதனால் அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் ஒரே மடிக்கணினியில் பல ரிவிஷன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கும் முன் பேனல் செய்தவரிடம் எந்த வெர்ஷனில் எழுதினார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

லைசென்ஸை வெறும் ரசீதாக நினைப்பது

சீமென்ஸ் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க 21 நாள் இலவச லைசென்ஸ் கிடைக்கிறது. பேனல் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 21 நாளுக்குள் எல்லாக் கருவிகளோடும் தொடர்பு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். இந்த வசதியைப் பயன்படுத்துவோர் ஏனோ குறைவு.

வாங்கிய லைசென்ஸ் ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் சாவியாக வந்து, லைசென்ஸ் மேனேஜர் வழியாக மடிக்கணினிக்கு நகர்த்தப்படும். அது நகல் ஆகாது. ஓர் இடத்திலிருந்து எடுத்தால்தான் இன்னோர் இடத்தில் வைக்க முடியும். மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்து ஃபார்மட் செய்தால், உள்ளே இருந்த சாவியும் சேர்ந்து அழிந்துவிடும். ஃபார்மட் செய்யும் முன் சாவியைக் குச்சிக்குத் திரும்ப நகர்த்த வேண்டும் என்று மடிக்கணினியின் மூடியிலேயே ஒரு சீட்டு ஒட்டிவைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. லைசென்ஸ் யார் பெயரில் பதிவாகிறது என்பதும் முக்கியம். ஒப்பந்தக்காரர் பெயரிலோ, அப்போதைய எலக்ட்ரீஷியனின் சொந்த மின்னஞ்சலிலோ பதிவானால் அவர் விலகும் நாளில் லைசென்ஸும் கைநழுவும். ஆலையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் இன்வாய்ஸ் வாங்குங்கள். 18 சதவீத வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்கவும் அதுவே வழி. கல்லூரிகளுக்குக் குறைந்த விலையில் தரும் லைசென்ஸை ஆலையில் பயன்படுத்த அனுமதி இல்லை.

கிராக் செய்த பிரதி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனெனில் நம் பக்கத்தில் அது பென் டிரைவில் சர்வசாதாரணமாகக் கை மாறுகிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. சட்டத்தை விட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், யூ.எஸ்.பி. குச்சிகள் வழியாகப் பரவி, சீமென்ஸ் ஸ்டெப் 7 இருந்த கணினிகளைத் தேடிப் பிடித்தது. 2022இல் டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், பி.எல்.சி. பாஸ்வேர்டை மீட்டுத் தருவதாக இணையத்தில் விற்கப்பட்ட ஒரு கருவி பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்ததோடு சாலிட்டி என்ற தீநிரலையும் கணினிக்குள் இறக்கியதை வெளிப்படுத்தியது. பாய்லர் ஓடும் இடத்தில் இப்படி ஒன்றை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு போவது லாபமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

மடிக்கணினி

மென்பொருள் முடிவானபின் இது எளிது. டி.ஐ.ஏ. போர்ட்டல் 17க்கு அந்நிறுவனம் பரிந்துரைப்பது எட்டாம் தலைமுறை ஐ5 எச் வகைப் பிராசசர், 16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி.யில் குறைந்தது 50 ஜி.பி. காலி இடம், 15.6 அங்குல முழு எச்.டி. திரை. பெரிய புராஜெக்டுகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவன மென்பொருள்களுக்கும் 32 ஜி.பி. ரேமும் 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யும் என்று வைத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் அட்டைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பி.எல்.சி. புரோகிராமை வரைந்து எழுதும் லேடர் வரைபடத்துக்கு அது உதவாது. ஸ்டெப் 7 புரொஃபெஷனலுக்கு விண்டோஸ் புரோ அல்லது என்டர்பிரைஸ் வேண்டும். ஹோம் பதிப்பில் பேசிக் மட்டுமே. ஆப்பிளின் எம் வகைச் சில்லுகளும் ஸ்னாப்டிராகன் சில்லுகளும் கொண்ட கணினிகளை, பேட்டரி எவ்வளவு நேரம் நின்றாலும், இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். பழைய கேபிள் டிரைவர்கள் அவற்றில் சிக்கலை உண்டாக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய மென்பொருளுக்குப் பழைய விண்டோஸ் கட்டாயம் என்றால், அதை விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியாக, புதிய கணினிக்குள் வைப்பதே சரி. அதற்கான வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். என் சொந்தக் கருத்து, அலுவலகங்களில் பயன்பட்டுப் புதுப்பிக்கப்பட்ட தடித்த மடிக்கணினி ஒன்று புத்தம்புதிய மெல்லியதைவிட இங்கே நன்றாக உழைக்கும்: அதில் நெட்வொர்க் போர்ட் இருக்கும், ரேமைக் கூட்டிக்கொள்ளலாம், விசிறிக்குள் புகுந்த தூசியைத் திறந்து துடைக்கலாம். விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறைக்குக் கீழான இன்டெல் பிராசசர் ஆகாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

கேபிள் சிறிய பொருள், ஆனால் பெரிய தொல்லை. சீரியல் போர்ட்டுக்கான யூ.எஸ்.பி. மாற்றிகளில் போலிச் சில்லு உள்ளவற்றை விண்டோஸ் டிரைவர் ஏற்காமல் பிழை காட்டும்; எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லு கொண்டதை நம்பகமான கடையில் வாங்குங்கள். மின் தனிமைப்படுத்தல் இல்லாத மலிவு கேபிளை, எர்த் சரியில்லாத ஆலையில், சார்ஜர் செருகிய நிலையில் இணைத்தால் பி.எல்.சி.யின் போர்ட்டே கருகக்கூடும். நான் எப்போதும் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில்தான் இணைக்கிறேன்.

மூலக் கோப்பைக் கேட்காமல் விடுவது

இவ்வளவும் சரியாக வாங்கியபின், கன்ட்ரோலரில் இருந்தே புரோகிராமை எடுத்துக்கொள்ளலாம் என்று நம்புவது கடைசித் தவறு. எஸ்7-300 போன்றவற்றிலிருந்து எடுத்தால் சிம்பல்களும் (முகவரிகளுக்கு இட்ட பெயர்கள்) குறிப்புகளும் வராமல் வெறும் முகவரிகளே கிடைக்கும். எந்த முகவரி எந்த மோட்டார் என்று ஒவ்வொரு வயராகப் பின்தொடர வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு போட்ட பிளாக்குகள், அதாவது புரோகிராமின் பகுதிகள், திறக்கவே மாட்டா. ஆகவே பேனல் ஆர்டரிலேயே, குறிப்புகளோடு கூடிய மூலப் புராஜெக்டும் பாஸ்வேர்டுகளும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று எழுதிவிடுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், அந்தக் கோப்பை உங்கள் மடிக்கணினியிலேயே திறந்து, கன்ட்ரோலரோடு கேபிள் வழியாக ஆன்லைனில் இணைந்து, அதில் ஓடுவதும் கோப்பில் இருப்பதும் ஒன்றுதானா என்று பேனல் செய்தவரின் முன்னிலையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.