இசைத்தாளில் இத்தாலியச் சொற்கள்: என்ன, எவ்வளவு, எதுவரை?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் கொயர் பயிற்சி தொடங்கி, ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ் கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுவது அவரவர் குரலுக்கான வரியைத்தான். அந்த வரிக்கு மேலும் கீழும் சாய்வெழுத்தில் நிற்கும் இத்தாலியச் சொற்கள் கடைசி ஒத்திகை வரை யார் கண்ணிலும் படாது. கிரேடு தேர்வுக்குக் கீபோர்டு படிக்கும் பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. ஐம்பது சொற்களை அர்த்தத்தோடு ஒப்பிப்பார்கள். வாசிக்கும்போது அதில் ஒன்றுகூடக் காதில் விழாது.

எந்தச் சொல்லைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன செய்யச் சொல்கிறது? எவ்வளவு? எதுவரை? மூன்றாவதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும்.

வேகம்

வேகச் சொற்களில் பல முதலில் மனநிலையையோ நடையையோ குறித்தவை. அலெக்ரோ என்றால் குதூகலம். அடாஜியோ என்றால் ஆற அமர. லார்கோ அகலம், கிராவே கனம், விவாச்சே துடிப்பு. ஆண்டான்டே 'நடப்பது' என்ற வினையிலிருந்து வந்தது. காலையில் கோட்டைப் பூங்காவில் பேசிக்கொண்டே நடப்பவர்களின் நடை என்று வைத்துக்கொள்ளலாம். எண் அதற்குப் பிறகுதான். வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமுக்கு மெல்ட்சல் காப்புரிமை பெற்றது 1815இல்; அதற்கு முன் எழுதியவர்கள் பெரும்பாலும் சொல்லை மட்டுமே விட்டுச் சென்றார்கள்.

மெட்ரோனோம் பலகைகளில் வழக்கமாக அச்சிடும் அளவு, நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று:

லார்கோ 40–60
லார்கெட்டோ 60–66
அடாஜியோ 66–76
ஆண்டான்டே 76–108
மாடராட்டோ 108–120
அலெக்ரோ 120–168
பிரெஸ்டோ 168–200

இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டிலேயே எண் அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. அந்த எண் எந்தச் சுரத்துக்கு என்பதையும் பாருங்கள். 6/8 தாளத்தில் 'டாட்டட் க்ராட்செட் = 60' (குவேவர் என்ற குறுஞ்சுரம் மூன்று சேர்ந்த நீளம்) என்று இருக்க, மெட்ரோனோமை 60இல் வைத்துக் குவேவருக்கு ஒரு தட்டு என்று வாசித்தால் பாட்டு மூன்று மடங்கு மெதுவாகிவிடும். குவேவர் கணக்கில் அது 180. மெட்ரோனோம் இல்லையென்றால் கடிகாரத்தைப் பார்த்து 15 நொடிக்குத் தட்டுங்கள். வந்ததை நான்கால் பெருக்குங்கள்.

கர்நாடக சங்கீதம் பயின்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் காலம், இரண்டாம் காலம் என்பது தாளம் மாறாமல் சுரங்கள் இரட்டிப்பது. ஆண்டான்டேயிலிருந்து அலெக்ரோவுக்குப் போவது அப்படி அல்ல. தட்டே வேகமாகிறது, அதுவும் இரட்டிப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சொல்லின் வாலையும் கவனிக்க வேண்டும். '-இஸ்ஸிமோ' குணத்தைக் கூட்டும். '-எட்டோ', '-இனோ' குறைக்கும். அலெக்ரெட்டோ அலெக்ரோவைவிட மெதுவானது. ஆனால் லார்கெட்டோ லார்கோவைவிட வேகமானது. முரண்போலத் தெரிந்தாலும் கணக்கு சரிதான்: குறைவது வேகம் அல்ல, அந்த 'அகலம்'. ஆண்டான்டினோவில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. மெதுவா, வேகமா என்பதில் இசையமைப்பாளர்களே ஒத்துப்போனதில்லை. இன்று பொதுவாக ஆண்டான்டேயைவிடச் சற்று வேகம் என்று கொள்கிறார்கள்.

ரிட். என்னும் தொல்லை

'ரிட்.' என்ற சுருக்கம் பெரும்பாலும் ரிட்டார்டாண்டோவைக் குறிக்கும்: படிப்படியாக வேகம் குறைய வேண்டும். ரிட்டெனூட்டோ அப்படியல்ல, அந்த இடத்திலேயே சட்டென்று வேகத்தை இழுத்துப் பிடிப்பது. அதையும் சிலர் 'ரிட்.' என்றே சுருக்குவதால் குழப்பம். ஒரே ஒரு சுரத்தின் மேலோ அரை பார் (தாளக்கட்டம்) அளவுக்கோ நின்றால் ரிட்டெனூட்டோவாக இருக்கலாம். புள்ளிக்கோடு நீண்டு போனால் அது ரிட்டார்டாண்டோதான். கோடு முடியும் இடமே 'எதுவரை'க்குப் பதில். கோடு இல்லையென்றால் அடுத்த 'ஆ டெம்போ'வைத் தேடி வட்டம் போடுங்கள். பழைய வேகத்துக்குத் திரும்புவது அங்கேதான், அதுவும் உடனே.

ரிட்டார்டாண்டோவில் கொயர் சிதறுவது ஏனென்றால் ஒவ்வொருவரும் தட்டுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தனித்தனியாக ஊகிக்கிறார்கள். பாதித் தட்டையும் எண்ணினால் ஊகம் குறையும். இதற்குத் தமிழ் எண்கள் வாய்ப்பாக அமைந்தவை: ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு. ஒவ்வொன்றும் இரண்டு அசை, இரண்டு குவேவர். கடைசி இரண்டு பாரை இப்படி உரக்க எண்ணியபடி, அசைகளை நீட்டிக்கொண்டே போய்ப் பழகுங்கள்.

ஒரு பாமாலைப் பாட்டின் கடைசியில் ரிட். இருந்தால் அது கடைசிச் சரணத்துக்கு மட்டும். ஒவ்வொரு சரண முடிவிலும் இழுத்தால் சபையார் அடுத்த சரணத்தை எப்போது எடுப்பது என்று தெரியாமல் தடுமாறுவார்கள்.

இன்னொன்று: ஆற்காடு மிஷன் காலத்துப் பழைய ஆலயங்களைப் போன்ற கட்டடங்கள் ஆளில்லாதபோது எதிரொலிக்கும். ஒத்திகையில் அலெக்ரோ குழம்பிக் கேட்டதே என்று உடனே வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள். பண்டிகையன்று நிரம்பி உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்.

ஒலியளவு

பியானிஸ்ஸிமோ, பியானோ, மெட்ஸோ பியானோ, மெட்ஸோ ஃபோர்ட்டே, ஃபோர்ட்டே, ஃபோர்ட்டிஸ்ஸிமோ: மெல்லியதிலிருந்து உரத்ததுவரை ஆறு படி. இவற்றுக்கு டெசிபல் கணக்கு கிடையாது. ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மே மாத வேலூரில் எல்லா மின்விசிறியும் முழு வேகத்தில் சுழலும்போது பியானிஸ்ஸிமோ முன்வரிசையைத் தாண்டாது. அங்கே தரையையே ஒரு படி உயர்த்திவிட்டு, மற்றவற்றையும் அதற்கேற்ப உயர்த்துங்கள். தெருவில் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கும் இதே வழிதான்.

க்ரெஷெண்டோ என்ற சொல்லைப் பார்த்ததும் குரலை உயர்த்துவது எல்லாரும் செய்யும் தவறு. 'வளர்கிறது' என்பதுதான் பொருள். வளர வேண்டுமென்றால் சிறியதாகத் தொடங்கியாக வேண்டும். ஆறு படிக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். பியானோவிலிருந்து ஃபோர்ட்டே வரை நான்கு பார் என்றால் ஒவ்வொரு பாரின் அடியிலும் 2, 3, 4, 5 என்று பென்சிலால் எழுதுங்கள். எட்டு பார் என்றால் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு பாருக்கு வைத்துக்கொள்ளலாம். டிமினுவெண்டோவுக்கு எண்கள் இறங்கும். அப்போது கொயரில் சுருதியும் கூடவே இறங்கும். ஒலியைக் குறைப்பவர்கள் மூச்சின் பிடிப்பையும் தளர்த்திவிடுவதுதான் காரணம். க்ரெஷெண்டோவில் வேகம் ஏறுவதும் இதுபோன்ற ஒட்டுநோய். இரண்டையும் மெட்ரோனோமோடு மட்டுமே பழகுங்கள்.

'ஸ்ஃபோர்ட்ஸாண்டோ' (திடீர் அழுத்தம்) அந்த ஒரு சுரத்துக்கோ கார்டுக்கோ (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மட்டும். சுற்றிலும் பியானோ இருந்தால் மெட்ஸோ ஃபோர்ட்டே அளவு அழுத்தமே போதும்; கல்யாண பேண்ட் செட் டிரம்பெட் போல வெடிக்க வேண்டாம்.

கீபோர்டில் பியானோவும் ஃபோர்ட்டேயும் வித்தியாசமே தெரியவில்லையா? விரலைக் குறை சொல்லும் முன் 'டச் ரெஸ்பான்ஸ்' (அழுத்தும் விதத்துக்கேற்ப ஒலியை மாற்றும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சிறிய, விலை குறைந்த மாடல்களில் அந்த வசதியே இருக்காது. வால்யூம் குமிழைத் திருகுவது பதிலாகாது. இரு கையின் ஒலியும் சேர்ந்தே ஏறும், மெலடியை மட்டும் மேலே கொண்டுவர முடியாது.

பாவமும் ஒட்டுச்சொற்களும்

டோல்ச்சே இனிமையாக, காண்டாபிலே பாடுவதுபோல, மயெஸ்டோஸோ கம்பீரமாக, கான் ப்ரியோ உற்சாகத்தோடு. இவை அகராதி பார்த்தாலே விளங்கும். ஸ்டக்காட்டோவுக்குப் பொருள் 'பிரித்து'. சுரத்தின் நீளம் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான். அதைக் குத்தி வாசிப்பது பழக்கதோஷம். மொரெண்டோ 'மடிந்துபோவது': ஒலி அடங்கும், பெரும்பாலும் வேகமும் கூடவே அடங்கும்.

உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியவை சின்னச் சொற்கள். போக்கோ (கொஞ்சம்), மோல்ட்டோ (மிக), ப்யூ (கூடுதலாக), மேனோ (குறைவாக), நான் ட்ரோப்போ (அளவு மீறாமல்), செம்ப்ரே (எப்போதும்), சுபிட்டோ (சட்டென்று), மா (ஆனால்), சென்ஸா (இல்லாமல்). இவை தெரிந்தால் முன்பின் பார்க்காத வரியும் பிரிந்து விழும்.

உச்சரிப்பில் ஒரு விஷயம் நமக்குச் சாதகம்: இத்தாலியனில் இரட்டை மெய் இரட்டையாகவே ஒலிக்கும், பள்ளம், பக்கம் போல. கடைசி உயிரையும் விழுங்கக் கூடாது. பாட்டு முடியும் இடத்தில் எழுதியிருப்பது 'ஃபைன்' அல்ல, 'ஃபீனே'. 'டா காப்போ ஆல் ஃபீனே' என்றால் முதலிலிருந்து எடுத்து அந்த ஃபீனேயில் முடிப்பது. திரும்ப வரும்போது ரிப்பீட் குறிகளை வழக்கமாக விட்டுவிடுவார்கள்.

இப்போது ஒரு வரியைப் பிரித்துப் பாருங்கள்: 'போக்கோ ப்யூ மோஸ்ஸோ, மா செம்ப்ரே பியானோ'. கொஞ்சம் கூடுதல் ஓட்டம், ஆனால் எப்போதும் மெல்லிய ஒலி. எவ்வளவு? 80இல் போய்க்கொண்டிருந்தால் 88 வைத்துப் பார்க்கலாம். எதுவரை? அடுத்த வேகச் சொல்வரை. தவறு எங்கே வரும் என்பதை அந்த 'மா'வே காட்டிக்கொடுக்கிறது: வேகம் கூடியதும் ஒலியும் கூடும். முதலில் 80இல் பியானோவாக நான்கு முறை, பிறகு 84, பிறகு 88. எந்த எண்ணில் சத்தம் ஏறுகிறதோ அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கி மறுபடி தொடங்குங்கள்.