போக்கர் டோர்னமென்ட் பணத்துக்குத் தனி உறை

என் டோர்னமென்ட் உறையில் இப்போது 4,000 டாலர் இருக்கிறது. வாடகைப் பணம் அதோடு கலக்காது. நூறு பேர் ஆடினால் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு. தொடர்ந்து இருபது ஆட்டம் வெறுங்கையோடு திரும்புவதெல்லாம் சகஜம்.

கையில் காசே இல்லாமல் ஆன்லைனில் தொடங்கி 10,000 டாலர் சேர்த்த போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசனின் விதிதான் எனக்கும்: டோர்னமென்ட் நுழைவுக்குக் கையிருப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 80 டாலர். இருப்பு 3,000-க்கு இறங்கினால் 60. கௌரவம் பார்க்காமல் இறங்கிவிடுவேன்.

ரீ-என்ட்ரிதான், அதாவது தோற்று வெளியேறியபின் மறுபடி பணம் கட்டி அதே ஆட்டத்தில் நுழைவதுதான், வில்லன். லாஸ் வேகாஸில் ஒருநாள் 80 டாலர் ஆட்டத்தில் கோபத்தோடு மூன்று முறை நுழைந்தேன். நோட்டில் 240 என்று எழுதும்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் ரீ-என்ட்ரி உள்ள ஆட்டமென்றால் இரண்டு நுழைவையும் சேர்த்தே 80-க்குள் பார்க்கிறேன். அப்புறம், சீட்டுப் போடும் டீலருக்குக் கொடுக்கும் டிப்ஸும் அதே நோட்டில்தான் ஏறும்.